வீட்டில் வேலை, மடியில் பிள்ளை: நெல்லைப் பக்கத்துத் தாய்மார் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்தபடி மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்துக்குரிய குறியீட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணிக்கை உண்டு. மகளுக்கு இரண்டே கால் வயது. அவளுக்கு ஆறு மாதம் முடிந்ததில் இருந்து வீட்டில்தான் வேலை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் வரை பலரும் போனில் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. உடம்பு, சட்டம் இரண்டிலும் கடைசி வார்த்தை அவர்களுடையது.

வீட்டில்தானே இருக்கப்போகிறோம், பிள்ளையைப் பார்க்கத் தனியாக ஆள் எதற்கு?

நானும் இப்படித்தான் நினைத்தேன். பிள்ளை தூங்கும்போது வேலை, விழித்தால் பிள்ளை என்று அட்டவணை போட்டு ப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். முதல் நாள் காலையில் அவள் தூங்கியது இருபது நிமிடம். அதற்குள் கணினியைத் திறந்தேன், காலாவதியான கடவுச்சொல்லை மாற்றினேன். அவ்வளவுதான், எழுந்துவிட்டாள்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். முக்கூடலில் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருடம் பீடி சுற்றியவர். மடியில் சுளவு, அதில் நறுக்கிய இலையும் தூளும், கால் பெருவிரலில் தொட்டில் கயிறு. கால் ஆட்டிக்கொண்டே இருக்கும், கை சுற்றிக்கொண்டே இருக்கும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள்தாம். அதனால் “அந்தக் காலத்தில் அவர்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?” என்று நம்மை மடக்குவதற்கு இந்தக் காட்சியைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். ஆச்சியிடமே கேட்டேன். கயிறு தூங்குகிற பிள்ளைக்குத்தான், விழித்த பிள்ளையை யார் கயிறு கட்டி வைக்க முடியும் என்று சிரித்தார். விழித்தால் வளவில் இருந்த நாலு வீட்டில் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். புகையிலைத் தூசி ஆகாது என்று மாமியார் பிள்ளையைச் சுளவுப் பக்கமே விடமாட்டாராம். இன்னொன்றும் சொன்னார்: பொழுதடைவதற்குள் எண்ணிக்கை வந்தால் போதும், நடுவில் எவரும் கூப்பிட்டு “கேமராவைப் போடு” என்று சொன்னதில்லை.

பெருமாள்புரத்திலோ கே.டி.சி. நகரிலோ இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் நமக்கு அந்த நாலு வீடு கிடையாது. அதனால் ஆள் வேண்டும். அது மாமியாராக இருக்கலாம், சம்பளத்துக்கு வரும் அக்காவாக இருக்கலாம், ஷிப்ட் மாற்றிக்கொண்ட கணவராக இருக்கலாம். எட்டு மணி நேரமும் கிடைக்காது என்றால் ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது, நீங்கள் பிள்ளையின் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டாத நேரமாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேலையும் நடக்காது, பிள்ளையிடமும் எரிந்து விழுவீர்கள். விழுந்திருக்கிறேன்.

பேறுகால விடுப்பு எத்தனை நாள்? முடிந்ததும் வீட்டிலிருந்து வேலை கேட்க உரிமை உண்டா?

பத்துப் பேராவது வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களில், 2017-ல் வந்த சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. மூன்றாவதில் இருந்து 12 வாரம். 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். இதே ஏற்பாடு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுபவர்களுக்கு விடுப்புக் காலப் பணம் இ.எஸ்.ஐ. மூலம் வரும். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையில் இருந்து 12 மாதம்.

விடுப்புக்குப் பிந்தைய வீட்டு வேலை சற்று வழுக்கலான இடம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிறுவனமும் நீங்களும் பேசி ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து பார்க்கலாம் என்கிறது சட்டம். கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு முறை தாய் போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதி வேண்டும் என்பது கட்டாயம். காப்பகம் இல்லாத அலுவலகத்தில் இந்தச் சட்டப் பிரிவைப் பணிவாக நினைவூட்டினாலே வீட்டிலிருந்து பார்க்கும் பேச்சு கொஞ்சம் சுளுவாக நகர்கிறது.

எந்த நிறுவனத்துக்கும் ஊழியராக இல்லாமல் எழுதித் தரும் வேலை, சொந்தமாகத் தையல், கேக், டியூஷன் என்று பார்ப்பவர்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் தராது. வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளாகக் கிடைக்கும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பெயர் பதிந்து, கர்ப்பத்தைப் பதிந்ததற்கு அரசு தரும் பிக்மி எண்ணை வாங்கிவிட வேண்டும்.

மேலாளரிடம் எப்படிக் கேட்பது?

எழுத்தில் கேளுங்கள். “பிள்ளை சின்னது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்” என்று போனில் கேட்டால் அவர் “பார்க்கலாம்மா” என்பார், பார்க்க மாட்டார். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த எந்த மணி நேரம் கட்டாயம் இருப்பேன், எண்ணிக்கை எவ்வளவு தருவேன், பிள்ளையைப் பார்க்க யார் இருக்கிறார்கள், மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று அரைப் பக்கத்தில் எழுதினேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றும் சேர்த்தேன். அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. நிரந்தரமாக ஒன்றைக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் மூன்று மாதத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. பேறுகாலத்துக்குத் தாய்வீடு போய்விட்டு, பிள்ளையோடு புகுந்த வீடு திரும்பும் வாரத்திலேயே வேலையையும் தொடங்காதீர்கள். புது வீட்டு வாடை பிள்ளைக்குப் பழகவே ஒரு வாரம் ஆகும். விடுப்பு முடியும் தேதியை, நல்ல நாள் பார்த்து நம்மை அனுப்பிவைக்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

கடிகாரத்தைப் பார்த்துப் பிரித்த எந்த அட்டவணையும் எங்கள் வீட்டில் ஒன்பது நாளைத் தாண்டியதில்லை. வேலையை இரண்டாகப் பிரித்ததுதான் நின்றது: தலை வேண்டிய வேலை, கை மட்டும் போதும் என்கிற வேலை. பக்கம் பக்கமாகப் படித்துக் குறியீடு போடுவது தலை வேண்டிய வேலை. அதற்கு ஆள் இருக்கும் நேரம். மின்னஞ்சலுக்குப் பதில், வருகைப்பதிவு, பயிற்சிக் காணொளி போன்றவை பிள்ளை பக்கத்தில் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போதும் நடக்கும்.

நாலு மாதத்தில் இருந்து ஒரு வயது வரை, பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்குப் பன்னிரண்டில் இருந்து பதினாறு மணி நேரம் தூங்கும் என்பார்கள். அதைக் கேட்டு மகிழ வேண்டாம், பெரும்பகுதி இரவில் போய்விடும். ஆறு மாதத்துப் பிள்ளை பகலில் இரண்டு மூன்று துண்டாகத் தூங்கும். எந்தத் துண்டு நீளம் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். என் மகளுக்குக் காலைக் குளியலுக்குப் பின் வருவதுதான் நீளம். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிய நாளில் இரண்டு மணி நேரம் அசையமாட்டாள். அதனால் குளியலைப் பதினோரு மணிக்குத் தள்ளினோம். அத்தைக்கு அது பிடிக்கவில்லை, வெயில் ஏறுமுன் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. சித்திரை, வைகாசியில் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது, வேர்க்குரு வந்தது. கார்த்திகையில் மறுபடி பதினோரு மணி.

தவழத் தொடங்கியதும் இது அத்தனையும் கலைந்துபோகும். மறுபடி ஒரு வாரம் குறிக்க வேண்டியதுதான்.

அமெரிக்க நேரத்துக்கு வேலை. சாயங்காலம்தான் பிள்ளையும் அழுகிறது, கூட்டமும் வருகிறது. என்ன செய்வது?

நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்கு அவர்களுடைய கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச் இரண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு இரண்டு நாட்களில் இது மாறும். நான் வேலைக்குத் திரும்பிய வாரமே மாறியது. பிள்ளையின் பசி அமெரிக்கக் கடிகாரத்துக்கு மாறுமா? மாறவில்லை. லண்டனுக்கு வேலை பார்ப்பவர்களுக்குக் காலை 9 மணி என்பது நமக்கு மதியம் 1.30 அல்லது 2.30. பிள்ளையின் மதியத் தூக்கத்தோடு பொருந்தினால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சின்னப் பிள்ளைகள் பலவும் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் காரணம் இல்லாமல் அழும். ஆறாவது வாரத்தை ஒட்டி அது உச்சம், மூன்று நான்கு மாதத்தில் தணியும். விடுப்பு முடியும்போது பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போதும் அந்த நேரத்தில் வீட்டில் இன்னொரு பெரியவர் இல்லாமல் கூட்டத்துக்கு உட்காராதீர்கள். நடு இரவு தாண்டும் ஷிப்ட் என்றால் மறுநாள் காலை பிள்ளை ஆறு மணிக்கு எழும்போது எழுவது நீங்களாக இருக்கக் கூடாது. இதைக் கல்யாணமான வீட்டில் பேசி முடிவு செய்யாமல் இரவு ஷிப்ட்டுக்குச் சரி என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

மாமியாரிடம், அம்மாவிடம் எப்படி உதவி கேட்பது? சண்டை வருகிறது.

“கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை” என்று சொல்வதில்தான் பாதிச் சண்டை. கொஞ்சம் என்பது உங்களுக்கு மூன்று மணி நேரம், அவருக்குப் பதினைந்து நிமிடம். “பத்தில் இருந்து பன்னிரண்டு வரை கதவைச் சாத்திக்கொள்கிறேன், பன்னிரண்டு அடித்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்று சொன்ன நாளில் இருந்து எங்கள் வீட்டில் சத்தம் குறைந்தது. பன்னிரண்டுக்கு வந்துவிட வேண்டும், அது முக்கியம். பன்னிரண்டரைக்கு வந்தால் மறுநாள் அவருக்குக் கோவிலில் வேலை வந்துவிடும்.

அவருக்கும் ஒரு நாள் இருக்கிறது. எங்கள் அத்தை மதியம் சாப்பிட்டதும் தார்சாவில் தலையணை இல்லாமல் ஒரு மணி நேரம் படுப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கூட்டம் வைத்துக்கொள்வதில்லை. எட்டு ஒன்பது கிலோ பிள்ளையை முட்டிவலி உள்ளவர் குனிந்து தூக்க முடியாது. பிள்ளையின் துணி, பால் கிண்ணம், துடைக்கிற துணி எல்லாம் இடுப்பு உயரத்தில் ஒரே இடத்தில் இருக்கும்படி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் பக்கம் அவர் வர வேண்டியதில்லை. வருவார், அது வேறு.

மருந்து விஷயத்தில்தான் உண்மையான தகராறு. நம் பக்கம் பிறந்த உடனே பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைப்பது, வசம்பு உரைப்பது, தேன் தடவுவது, கோடையில் தண்ணீர் கொடுப்பது எல்லாம் இன்னும் இருக்கின்றன. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதும், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது என்பதும் மருத்துவர்கள் சொல்வது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியைச் சின்னப் பிள்ளையின் குடல் தாங்காது. இதை நீங்கள் சொன்னால் “நாலு பிள்ளை பெற்றவளுக்குப் பாடம் சொல்கிறாயா” என்று வரும். நான் வாயே திறக்கவில்லை. அடுத்த தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். செவிலியர் அவரைப் பார்த்தே கேட்டார், அவரைப் பார்த்தே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தேன் பாட்டிலை அத்தை தானே மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.

சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமா? காப்பகம், அங்கன்வாடி உதவுமா?

அங்கன்வாடியில் ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குச் சத்துமாவு தருவார்கள், பாலூட்டும் தாய்க்கும் உண்டு. வெட்கப்படாமல் வாங்குங்கள், நல்ல மாவு. ஆனால் கைப்பிள்ளையை விட்டுவிட்டு வரும் இடம் அது இல்லை. இரண்டு வயதுக்கு மேல் பகலில் சில மணி நேரம் உட்காரவைக்கலாம். தனியார் காப்பகங்கள் பாளையங்கோட்டையிலும் ஜங்ஷன் பக்கத்திலும் இருக்கின்றன. பார்க்கப் போகும்போது சொல்லாமல் போங்கள். ஓர் ஆள் எத்தனை கைப்பிள்ளைகளைப் பார்க்கிறார், பிள்ளை தூங்கும் இடத்தில் வாசல் வழியே காற்று வருகிறதா, டி.வி. ஓடுகிறதா என்று மூன்றைப் பாருங்கள். சுவரில் ஒட்டிய வாத்துப் படத்தைப் பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு வரும் ஆள் என்றால், பிள்ளையைப் பார்க்கிறவரிடம் பாத்திரம் தேய்ப்பதையும் ஒட்டவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் முதலில் அப்படித்தான் வைத்தோம். அடுக்களையில் குழாய்ச் சத்தத்தில் பிள்ளை அழுவது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, காதில் ஹெட்போன் இருந்தும். இப்போது வரும் அக்கா பிள்ளையை மட்டும் பார்க்கிறார், பாத்திரம் அங்கணத்தில் காய்கிறது.

கணவர் என்ன செய்ய வேண்டும்?

தனியார் நிறுவனத்தில் அப்பாவுக்கு விடுப்பு தரச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. எனவே விடுப்பைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை, வேலையைப் பற்றிப் பேசலாம். “உதவி” என்ற சொல்லை எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம். இரவு ஒன்பது மணிக்குமேல் பிள்ளை அவர் பொறுப்பு. அழுதால், நனைந்தால், கொசு கடித்தால் அவர்தான். பாலுக்கு மட்டும் என்னிடம் வரும். அவர் முதல் வாரம் துணி மாற்றிய அழகைப் பார்த்து அத்தை எழுந்து வந்தார். வேண்டாம் என்று உட்காரவைத்தேன். இரண்டாம் வாரம் சரியாகிவிட்டது.

தாய்ப்பாலும் வேலையும் ஒன்றாக நடக்குமா?

வீட்டில் இருப்பதன் பெரிய இலாபமே இதுதான். கூட்டத்துக்கு முன் ஒரு முறை ஊட்டிவிட்டு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரமாவது ஓடும். கேமரா இல்லாத கூட்டத்தில் மடியில் வைத்தே கொடுக்கலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மைக்கை அணைக்க மறக்காதீர்கள்.

நீண்ட ஷிப்ட் உள்ளவர்கள் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். மின்சாரப் பம்ப் தேவை என்று இல்லை, கையாலும் எடுக்கலாம், செவிலியர் சொல்லித்தருவார். வெளியே நாலு மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊர்க் கோடையில் மின்விசிறிக்கு அடியிலேயே முப்பதைத் தாண்டும், அதனால் எடுத்த கையோடு ப்ரிட்ஜில் வையுங்கள், கதவுத் தட்டில் இல்லாமல் உள்பக்கம். ஒரு நாளுக்குள் கொடுத்து முடிப்பது எங்கள் வழக்கம். சூடாக்க, கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்தினால் போதும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேண்டாம். பிள்ளை வாய் வைத்து மிச்சம் விட்டதை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், ஏத்தங்காய் மாவுக் கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு. இதை ஊட்டுவது அரை மணி நேர வேலை. அதை உங்கள் சாப்பாட்டு இடைவேளையில் வைத்தால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். ஊட்டுவது அத்தையின் பங்கு என்று விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருக்கிறது.

கரண்ட் போனால், நெட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று முன்தினம் நாளிதழில் வரும். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் வரை போகும். அன்றைக்குக் கனமான வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டு, பிள்ளையைக் காற்றாட வெளியே வைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் இருந்தாலும் மின்விசிறிக்கும் கணினிக்கும் போட்டி வந்தால் மின்விசிறிக்குத்தான் முதலிடம், பிள்ளை வியர்த்தால் தூங்காது. நெட் பெட்டிக்கு மட்டும் ஒரு சிறிய யு.பி.எஸ். தனியாக வாங்கினேன். கொடுத்த காசுக்கு மோசம் இல்லை.

பெருமழை வேறு கதை. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாள் மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்து, ஜங்ஷன் பேருந்து நிலையமே தண்ணீரில் நின்றது. அப்போது நான் விடுப்பில், பிள்ளைக்கு மூன்று மாதம். வீட்டில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. பிள்ளைக்குப் பசித்தபோது பால் இருந்தது. வேலையில் இருந்த தோழி ஒருத்திக்குத்தான் சிக்கல். அவள் ஏன் வரவில்லை என்று வெளியூர் அலுவலகத்துக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது, சொல்லாமல் விடுப்பு எடுத்ததாகப் பதிந்துவிட்டார்கள். அதைத் திருத்த ஒரு மாதம் அலைந்தாள். அதனால் ஐப்பசி பிறந்ததும் சென்னையில் இருக்கும் கொழுந்தன் எண்ணை மேலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். எங்கள் தொடர்பு அறுந்தால் அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

கூட்டத்தின் நடுவில் பிள்ளை அழுதுவிட்டால்?

“ஒரு நிமிடம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். மன்னிப்பு ஒரு முறை போதும்.

அழாமல் இருக்கச் செல்போனைக் காட்டலாமா?

காட்டக் கூடாது. இரண்டு வயது வரை வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. வெளியூர்த் தாத்தாவோடு வீடியோவில் பேசுவது மட்டும் விலக்கு. நான் காட்டியிருக்கிறேனா? காட்டியிருக்கிறேன். தணிக்கை நாள், அக்கா வரவில்லை, அத்தை ஒரு துஷ்டி வீட்டுக்குப் போயிருந்தார். நாற்பது நிமிடம் ஓடியது. அன்று வேலை முடிந்தது. அதற்கு அடுத்த பத்து நாள் கணினியைத் திறந்தாலே மடியில் ஏறி விசைப்பலகையைத் தட்டினாள். நாற்பது நிமிடத்துக்குப் பத்து நாள் வட்டி.

அதற்குப் பதில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். நான் வேலைக்கு உட்காரும்போது மட்டும் திறப்பேன். மரக் கரண்டி, மூடி, செப்புச் சாமான், பழைய சாவிக்கொத்து. மற்ற நேரம் அது பரணில். எப்போதும் கண்ணில் படாததால் ஒவ்வொரு முறையும் புதிது.

தொட்டிலில் போட்டுவிட்டு வேலை பார்க்கலாமா? வேறு எதில் கவனம் வேண்டும்?

சேலைத் தொட்டில் கண்ணெதிரே இருக்கும்போது மட்டும். மோவாய் நெஞ்சில் முட்டும்படி பிள்ளை மடங்கிக் கிடந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், மூச்சுக்கு இடைஞ்சல். புரண்டு எழுந்து உட்காரப் பழகிய பிறகு தொட்டிலை அவிழ்த்துவிடுவது நல்லது. இரவில் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள், தலையணை வேண்டாம். எங்கள் வீட்டில் பகலில் பட்டாசலில் பத்தமடைப் பாய். முழங்கால் வழுக்காமல் தவழ அது தோதாக இருந்தது.

வேலை மேசையில் நான் பயப்படுவது சார்ஜர் வயருக்கும், எலி அளவு ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரிக்கும்தான். அதை விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை, நேராக மருத்துவமனை, 108. அடுத்தது குளியலறை வாளி. கால் வாளித் தண்ணீரே தவழும் பிள்ளைக்கு ஆபத்து. நீங்கள் ஹெட்போன் மாட்டியிருக்கும் நேரத்தில் வாளி கவிழ்ந்து கிடக்கட்டும்.

தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் விடுப்பு எப்படித் திட்டமிடுவது?

அரசு சுகாதார நிலையங்களில் வழக்கமாகப் புதன்கிழமை ஊசி. நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு வருபவை ஒன்பதாம் மாத ஊசியும், பதினாறு மாதத்துக்குப் பிந்தையதும். ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து வரும், வேறு எதனாலோ என்று நினைத்துக் குழம்புவோம். பதினாறு மாதத்துக்குப் பின் போடும் ஊக்க ஊசிக்கு அன்று இரவே தொடை வீங்கி அழும். அதனால் வியாழக்கிழமையைக் காலியாக வையுங்கள். அவசர ஆலோசனைக்கு 104.

“வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்” என்கிறார்கள்.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டு வருவதில்லை, நம் ஊரில் அது வழக்கமும் இல்லை. மதினி முறையில் ஒருவர் பதினோரு மணிக்கு அல்வாப் பொட்டலத்தோடு வந்து, நான் கணினி முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “படமா பார்க்கிறாய்?” என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கணினி முன் உட்கார்ந்திருப்பது வேலை போலத் தெரியாது, அவ்வளவுதான். அரிவாள்மணையில் தேங்காய் துருவினால் தெரியும்.

விளக்கம் சொல்லி ஓய்ந்துவிட்டு, ஒரு காரியம் செய்தேன். வேலை நேரத்தில் நல்ல சேலையோ சுடிதாரோ உடுத்திக்கொண்டு, கழுத்தில் அலுவலக அடையாள அட்டையை மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குள் அட்டை எதற்கு என்று கணவர் சிரித்தார். அடுத்து வந்த பெரியம்மா அட்டையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, “வேலையாக இருக்கிறாயா தாயி, நான் அடுக்களையில் இருக்கிறேன்” என்று போய்விட்டார்.

அடிக்கடி அழுகை வருகிறது. இது வேலையாலா, பிள்ளையாலா?

பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் காரணம் இல்லாமல் கண் கலங்குவது பெரும்பாலோருக்கு உண்டு, தானாகப் போய்விடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் போகாமல், தூக்கம் கிடைத்தும் தூங்க முடியாமல், பிள்ளையைத் தூக்கவே தோன்றாமல், எதற்கும் உதவாதவள் என்ற நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். முதல் ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், வேலைக்குத் திரும்பிய பிறகும் வரும். திமிரும் இல்லை, கண்ணேறும் இல்லை, மருந்தும் பேச்சும் கேட்கிற நோய். திருஷ்டி சுற்றிப் போடுகிறவர்கள் போடட்டும், அதோடு மருத்துவரையும் பாருங்கள். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவை டெலி மானஸ், எண் 14416, இரவிலும் தமிழில் பேசுவார்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

விடலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு விடுங்கள். ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தை உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறார்கள், எல்லா வீட்டிலும். “உன் சம்பளம் அந்த அக்காவுக்கே சரியாகப் போகிறது” என்பார்கள். பிள்ளை இருவருக்கும் பிள்ளை, பாதியைக் கணவர் சம்பளத்தில் கழித்துப் பாருங்கள். பி.எஃப்., காப்பீடு, இரண்டு வருடம் விட்டுத் திரும்பினால் எந்தப் படியில் ஏற்றுவார்கள் என்பதையும் சேருங்கள்.

பேறுகால விடுப்பில் இருக்கும்போது நிறுவனம் உங்களை நீக்க முடியாது. “நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று கேட்டால் கொடுக்காதீர்கள். பால்குடி மறக்கடிக்கும் வாரத்தில், தூக்கம் இல்லாத இரவுக்கு மறுநாள், காய்ச்சல் நேரத்தில் ராஜினாமா கடிதம் எழுதுவதையும் தள்ளிப்போடுங்கள். நான் எழுதிய கடிதம் இன்னும் வரைவுப் பெட்டியில் கிடக்கிறது. ஒரு வியாழக்கிழமை, இரவு 2.10-க்கு எழுதியது.